வழிகாட்டியும் பரிட்சைப் பாட்டிலும்

மார்ச் 3, திங்கள்

ஆய்வகத்தின் தலைமை அறைக் கதவைக் கழற்றுவது என்று இன்று காலை முடிவாயிற்று. முடிவு ஒருமனதானது, கூட்டத்தில் பேசியவர் ஒருவர்தான். புதிதாக வந்திருக்கும் மேலாளர் எங்கள் எல்லோரையும் ரத்தம் எடுக்கும் நாற்காலிகளுக்கு நடுவே நிற்கவைத்து, தலைமைக்கும் ஊழியருக்கும் இடையில் ஒரு மரப்பலகைகூட இருக்கக்கூடாது என்றார். தச்சர் வந்தார். கீல்கள் துருப்பிடித்திருந்தன. எண்ணெய் விட்டு, தட்டி, நெம்பி, மதியத்துக்குள் சமத்துவம் நிலைநாட்டப்பட்டது.

கழற்றிய கதவை வைக்க இடமில்லை. மருந்து ஃப்ரிட்ஜுக்கு எதிரே சாய்த்து வைத்திருக்கிறார்கள். இனி ஃப்ரிட்ஜ் பாதிதான் திறக்கும். ஒல்லியானவர்கள் மட்டும் உள்ளே கைவிடலாம்.

"என்னை மேனேஜர்னு கூப்பிடாதீங்க. மேனேஜர் வேலை வாங்குவான். நான் வழிகாட்டி."

சரி. இந்தக் குறிப்பில் அவர் இனி வழிகாட்டி.

நான்கு வருடம் அந்த அறையில் ‘பொறுப்பு’ என்ற அடைமொழியோடு உட்கார்ந்திருந்தவன் நான். என் காலத்தில் கதவு இருந்தது. யாரும் மூடியதில்லை.

மார்ச் 7, வெள்ளி

என்னைச் சிறுநீர்ப் பிரிவுக்கு மாற்றிவிட்டார். "உங்க அனுபவம் அடித்தளத்துக்குத் தேவைப்படுது சார்" என்றார், கண்கலங்காத குறையாக. அடித்தளம் என் மேசையில் வரிசையாக, மூடி போட்டு, இளஞ்சூட்டோடு நிற்கிறது.

ஒரு வசதி: என் மேசை தலைமை அறைக்கு நேர் எதிரே. கதவு இல்லாததால் வழிகாட்டி தும்மினால் எனக்குத் தெரியும்.

ரத்த வேதியியலில் என் இடத்துக்கு மச்சானைப் போட்டிருக்கிறார். என் மனைவியின் தம்பி. ஆறு வருடமாகத் தற்காலிக ஊழியன். நல்ல கை; அவன் ரத்தம் எடுத்தால் குழந்தைகள் அழ மறந்துவிடும். ஒரே ஒரு பலவீனம் உண்டு. யாராவது தோளில் கை போட்டால் உருகிவிடுவான். வழிகாட்டி இன்று இரண்டு கைகளையும் போட்டார்.

மார்ச் 9, ஞாயிறு

மச்சான் கேக்கோடு வீட்டுக்கு வந்தான். வெளியிலிருந்து வரும் தரப் பரிட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினால் வேலையை நிரந்தரமாக்கி, பிரிவுப் பொறுப்பும் தருவதாக வழிகாட்டி சொல்லியிருக்கிறாராம்.

"எழுத்துல குடுத்தாரா?"

"அவர் வாயால சொன்னா எழுத்து மாதிரி அத்தான்."

"அப்ப சம்பளத்தையும் வாயாலயே வாங்கிக்க."

அவன் சிரித்தான். அவன் அக்கா சிரிக்கவில்லை. "அவன் நல்லா வந்தா உங்களுக்கு எங்க வலிக்குது?" என்றாள்.

எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரிந்தால் நான் நோயாளியாகவே போயிருப்பேன். கேக்கை மட்டும் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

மார்ச் 12, புதன்

இன்றிலிருந்து ‘குறை’ என்று சொல்லக்கூடாது. ‘வாய்ப்பு’ என்று சொல்ல வேண்டும். மதியம் கழிவறையில் வாய்ப்பு ஏற்பட்டுத் தரையெல்லாம் தண்ணீர்.

மார்ச் 18, செவ்வாய்

பரிட்சைப் பாட்டில் வந்தது.

இதில் ஒரு மர்மமும் இல்லை. தர அமைப்பு எல்லா ஆய்வகங்களுக்கும் உலர்த்திய ரத்தநீரைச் சிறு பாட்டிலில் அனுப்பும். அதில் எது எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரியும், நமக்குத் தெரியாது. தண்ணீர் விட்டுக் கரைத்து, சாதாரண நோயாளியின் ரத்தத்தைப் போல வரிசையில் வைத்து, ஒரே ஒரு முறை சோதித்து, வந்த விடையை அனுப்ப வேண்டும். இன்னொரு ஆய்வகத்தோடு பேசக்கூடாது. இப்படித்தான் செய்தோம் என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். விதி அவ்வளவுதான். சின்ன விதி என்பதால் யாருக்கும் நினைவிருப்பதில்லை.

பாட்டிலுக்குப் புது மாப்பிள்ளை உபசாரம் நடந்தது. இயந்திரத்தைக் கழுவினார்கள். புது மருந்து மாற்றினார்கள். நோயாளிகளின் குழாய்களை எல்லாம் ஓரமாக ஒதுக்கினார்கள். வெறும் வயிற்றோடு காத்திருந்த ஒரு பெரியவர் ஜன்னலில் தலையை நீட்டி, "என் ரத்தம் உள்ள போயிடுச்சா?" என்று கேட்டார். இல்லை ஐயா, உள்ளே விருந்தாளி.

மச்சான் அதைப் பத்து முறை ஓட்டினான். பொட்டாசியம் பத்து முறையும் 5.1. பிடிவாதமான, நேர்மையான 5.1. அந்த இயந்திரத்தை நான்தான் வாங்கச் சொன்னேன் என்பதை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

பிறகு வழிகாட்டி ஆற்றுக்கு அந்தப்புறம் உள்ள எங்கள் கிளை ஆய்வகத்துக்கு போன் போட்டார். கதவில்லாத அறையிலிருந்து, ஊருக்கே கேட்கும் குரலில். மச்சான் அப்போது அவசரப் பிரிவுக்கு ரத்தம் எடுக்கப் போயிருந்தான்.

"பொட்டாசியம் உங்களுக்கு என்ன? அஞ்சு புள்ளி ஆறா? எங்களுக்கு அஞ்சு புள்ளி ஒண்ணு... உங்க மெஷின் போன வருஷம் வாங்கினதுதானே? அப்ப உங்களுதுதான் கரெக்டா இருக்கும். நாங்க மாத்திக்கறோம். ஒரே கம்பெனி, ஒரே விடை... பாட்டில் நம்பரா? எங்களுது எட்டுல முடியுது. உங்களுது மூணா? அட, அது பேக்கிங் நம்பருங்க, விடுங்க."

கையில் இருந்த குப்பியைக் கீழே வைத்தேன்.

எட்டு. மூன்று. வேறு எண் என்றால் வேறு ரத்தநீர். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதுபவர்களுக்காகவே இந்த வருடத்திலிருந்து ஆளுக்கொரு வினாத்தாள் தருகிறார்கள். சுற்றறிக்கை வந்தபோது படித்தவன் நான். அப்போது அந்த அறையில் இருந்தவனும் நான்தான்.

எழுந்து போய், கதவு இருந்திருக்க வேண்டிய இடத்தில் நின்றேன். "சார், ரெண்டு பேரும் ஒரே பரிட்சைதான் எழுதறோமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாமே" என்றேன்.

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நம்ம சீனியருக்கு ஒரு நாள் நக்கல் அடிக்கலன்னா சாப்பாடு இறங்காது!"

சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று என்று திரும்பி வந்து உட்கார்ந்தேன். சொல்லியாயிற்றா? சொன்ன மாதிரிதான்.

சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்தில் மச்சான் காத்திருந்தான்.

"எல்லா விடையையும் கிளை மாதிரியே மாத்தியாச்சு அத்தான். நாளைக்கு அனுப்பறோம். கையெழுத்து நான்தான் போடப்போறேன்."

"போடாதடா."

"ஏன்?"

"தப்புன்னா தப்பு. போடாத."

"ஆறு வருஷமா என் கையெழுத்து வருகைப் பதிவேட்ல மட்டும்தான் அத்தான் இருக்கு. முதல் தடவையா ஒருத்தர் என்னை மதிச்சு பேனாவை நீட்டறாரு. அது உங்களுக்குப் பொறுக்கல." வண்டிச் சாவியைப் பையிலிருந்து எடுத்தான். "சீட்டு போன கடுப்புல இருக்காருன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க அத்தான் அப்படிப்பட்டவர் இல்லன்னு நான்தான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன்."

பாட்டில் எண்ணைச் சொல்ல வாயெடுத்திருந்தேன். கடுப்பாம். எனக்குக் கடுப்பாம்! நேத்து வந்தவன் தோள்ல கை போட்டா அவன் தெய்வம், இவனுக்குக் குழாய் பிடிக்கக் கத்துக்குடுத்தவன் கடுப்பு பிடிச்சவன்!

"அப்ப போய்ப் போடு. ரெண்டு கையாலயும் போடு" என்றேன்.

மார்ச் 19, புதன்

ஒன்பதரைக்கு அனுப்பிவிட்டார்கள். தினமும் ஒன்பதுக்குப் போகிற நான் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ் சரியான நேரத்துக்குத்தான் வந்தது.

மார்ச் 20, வியாழன்

எண்ணைச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா?

கேட்டிருப்பான். மனிதர்களைப் பற்றி யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டான். எண்களை நம்புவான்.

ஏப்ரல் 4, வெள்ளி

‘இம்மாத நட்சத்திரம்’ என்று மச்சானின் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். படத்தில் அவன் தோளில் ஒரு கை இருக்கிறது. கைக்கு உரியவரை வெட்டிவிட்டார்கள். நிரந்தர உத்தரவு ‘மேலே போயிருக்கிறது’. எவ்வளவு மேலே என்று யாரும் கேட்கவில்லை.

வழிகாட்டி இன்று தலைமைப் பண்பு பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பேச்சு முடியும்வரை அவசரப் பிரிவிலிருந்து வந்த ரத்தக் குழாய்களும் எங்களோடு நின்று கேட்டன.

மே 9, வெள்ளி

தர அமைப்பிலிருந்து கடிதம். எங்கள் விடைகள் தவறு. தவறு என்பது பெரிதில்லை. எங்கள் தவறான விடைகள் கிளையின் சரியான விடைகளோடு கடைசிப் புள்ளிவரை ஒத்துப்போகின்றன. செவ்வாய்க்கிழமை நேரில் வருகிறார்கள்.

வழிகாட்டி கடிதத்தை இரண்டு முறை படித்தார். பிறகு தச்சரை வரச்சொன்னார். சாயங்காலம் கதவு மாட்டியாயிற்று. ஃப்ரிட்ஜ் முழுதாகத் திறக்கிறது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டே போனேன். படியேறும்போதுதான் அந்தத் தாளில் யார் கையெழுத்து என்பது மண்டையில் ஏறியது.

மே 13, செவ்வாய்

இரண்டு அதிகாரிகள், ஒரு ஆணும் ஒரு அம்மாளும். பேசியது அந்த அம்மாள் மட்டும். சின்னக் குரல். டீ வேண்டாம், தண்ணீர் வேண்டாம். நேராக இயந்திரத்துக்குப் போய் மார்ச் பதினெட்டின் பதிவைத் திறக்கச் சொன்னார். இயந்திரத்துக்கு யாரும் வழிகாட்டவில்லை. அது உள்ளதைச் சொன்னது. 5.1, பத்து முறை.

"யார் ஓட்டினது?"

"நான்தான் மேடம்" என்றான் மச்சான்.

"நோயாளி ரத்தத்தையும் பத்து தடவை ஓட்டுவீங்களா?"

"இல்ல மேடம்."

"அஞ்சு புள்ளி ஒண்ணு எப்படி அஞ்சு புள்ளி ஆறாச்சு?"

அவன் வழிகாட்டியைப் பார்த்தான். வழிகாட்டி தன் செல்போனைப் பார்த்தார்.

"நான் என் டீமுக்கு முழு சுதந்திரம் குடுத்திருக்கேன் மேடம்" என்றார். "முடிவெல்லாம் அவங்கதான் எடுப்பாங்க. நான் வழிகாட்டறதோட சரி."

மச்சானின் காது சிவந்தது. கழுத்தறுபடுவது புரியாமல் இன்னும் மரியாதை கெடாமல் நிற்கிறான் முட்டாள்.

என்னால் தாங்க முடியவில்லை. "மேடம், அவர் கிளைக்கு போன் பண்ணி விடையைக் கேட்டாரு. மாத்தச் சொன்னதும் அவர்தான். நான் என் காதால கேட்டேன். பாட்டில் நம்பர் வேறன்னு கிளைக்காரங்க சொன்னாங்க. அதையும் கேட்டேன்" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தைக் கிண்டல் கலக்காமல் சொன்னேன்.

வழிகாட்டி வெளிறிப்போனார். அந்தக் காட்சியை நான் இரண்டு மாதமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்தேன். நேரில் இன்னும் நன்றாக இருந்தது.

அந்த அம்மாள் குறித்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பாட்டில் வேறன்னா பரிட்சை வேறன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"சுற்றறிக்கை வந்ததுலேர்ந்து."

"சரி. பதினெட்டாம் தேதி கேட்டீங்க. பத்தொம்பதாம் தேதி காலையிலதான் அனுப்பியிருக்காங்க. நடுவுல என்ன செஞ்சீங்க?"

மச்சான் என்னைப் பார்த்தான். ‘பாட்டில் வேறயா?’ என்று கேட்பது போல. அவனுக்கு அப்போதுதான் தெரிகிறது.

நான் பக்கத்தில் இருந்த குழாய்களை வரிசையாக அடுக்க ஆரம்பித்தேன். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

மே 14, புதன்

இரவு விளக்கை அணைக்கும்போது மனைவி, "நம்பர் வேறன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன கேடு வந்துச்சு உங்களுக்கு?" என்று கேட்டாள்.

சொன்னேனே என்றேன். யாரிடம் என்றாள்.

மே 26, திங்கள்

உத்தரவு வந்தது. எங்கள் ஆய்வகம் ஒரு வருடத்துக்கு எந்தப் பரிசோதனையும் செய்யக்கூடாது. பொய் உறுதிமொழியில் கையெழுத்திட்டவர் ஐந்து வருடத்துக்கு எந்த ஆய்வகத்திலும் பரிசோதகராக வேலை பார்க்கக்கூடாது. மாற்றச் சொன்னது வழிகாட்டி என்பதற்கு ‘எழுத்து மூலமான ஆதாரம் இல்லை’.

என் சாட்சி? ‘ஒரு ஊழியரின் காலங்கடந்த வாக்குமூலம்’ என்று ஒரு வரியில் இருக்கிறது.

ஜூன் 2, திங்கள்

வழிகாட்டிக்கு வழியனுப்பு விழா. தலைமையகத்துக்குப் போகிறார், எல்லாக் கிளைகளுக்கும் தர மேம்பாட்டு இயக்குநராக. கைகுலுக்கும்போது, "உங்க நகைச்சுவையை மிஸ் பண்ணுவேன் சார்" என்றார். கையை நன்றாகக் கழுவினேன்.

மச்சான் விழாவுக்கு வரவில்லை. அவன் படத்தை எடுத்துவிட்டார்கள். சுவரில் சதுரமாக வெள்ளையாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் ஆய்வகத் தலைமைப் பொறுப்பு என்னிடம் தரப்பட்டிருக்கிறது. அறையில் உட்கார்ந்தேன். இயந்திரங்களுக்கு உறை போட்டாயிற்று. வரும் நோயாளிகளுக்கு ரத்தம் மட்டும் எடுத்து, குழாய்களைக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்புகிறோம். விடை மறுநாள் வரும். பெட்டி கொண்டுபோகும் வேலைக்கு ஒரு ஆள் தற்காலிகமாக எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. மச்சான் காலையில் ஒரு நடை போய்வந்தான். மதியம் இன்னொரு நடை போனான்.