அருளப்பன் அண்ணன் சம்மதித்தார்

சனிக்கிழமை, இரவு.

பல்கலைக்கழகம் என்னைச் சமூகத் தூதுவராகப் போட்டதிலிருந்து பிள்ளைகளைப் படிக்க அனுப்பச் சொல்லி எத்தனையோ தேயிலைத் தோட்ட லயங்களுக்குப் போய்வந்துவிட்டேன். இன்று ஸ்பிரிங்வெளித் தோட்டத்துக்குப் போயிருந்தேன்.

ஸ்டெல்லாவுக்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அவளுடைய அப்பா அருளப்பன் அண்ணன் அனுப்ப மறுக்கிறார். விடுதி, பாதுகாப்பு, உதவித்தொகை என்று நான் சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார்.

"எல்லாம் சரிங்க மிஸ். அவளுக்காகப் பயமில்லீங்க. அவ அம்மா போனப்புறம் வீட்டுல பேச்சுச் சத்தம்னா அவ ஒருத்திதான். அவளும் போயிட்டா நான் யாருகூடங்க பேசுறது?"

உள்ளேயிருந்து ஸ்டெல்லா வந்தாள்.

"தெனமும் ஃபோன்ல கோல் எடுத்து ஒங்களத் திட்டுறேன்ப்பா, போதுமா?"

அண்ணன் சிரித்துவிட்டார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, போ" என்றார்.

பஸ் ஏற்றிவிட வந்தவர், "அவ கோல் எடுக்காத அன்னிக்கு ஒங்களுக்கு எடுக்கலாமாங்க?" என்று கேட்டு நம்பரை வாங்கிக்கொண்டார். பஸ் நாலு வளைவு தாண்டவில்லை, ஃபோன் அடித்தது.

"சும்மாதாங்க மிஸ். நம்பரு வேல செய்யுதான்னு பாத்தேன்."

பதுளை வரும்வரை மழையைப் பற்றியும் அட்டைக்கடியைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். நாளைக்கும் எடுப்பார். எடுக்கட்டும்.