ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நின்ற வண்டி

மைசூர்,
ஏப்ரல் 1953

அன்புத் தங்கை ஐவிக்கு,

மாதாவின் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை கணபதிராமனும் நாகபுரியில் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். அங்கே வெயில் கொளுத்துமாமே, நிறைய மோர் குடி.

பாஸ்குத் திருநாளுக்கு மறுநாள் அப்பா தாமாகவே, ரங்கனதிட்டுக்குப் பறவை பார்க்கப் போகலாமா என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நீ கலியாணம் செய்துகொண்டு போனதிலிருந்து உன் பேரையே எடுக்காதவர், வருஷா வருஷம் நாம் மூவரும் போன இடத்துக்குக் கூப்பிடுகிறார்! புளிச்சாதம் கட்டி, கேரியரைச் சிவப்புத் துண்டில் முடிந்துகொண்டு கிளம்பினேன்.

ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் அப்பா வாட்சைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். ரிட்டையரானாலும் ரயில் கார்டு கார்டுதான். வெளியே புங்கமரமெல்லாம் பூ. கரும்புக்கு நடுவே வாய்க்கால் மினுங்கியது. அரைத்தூக்கத்தில், நீ என் தோளில் சாய்ந்திருப்பதாகவே இருந்தது.

பரிசல்கார பசவராஜ் ஆற்றில் மெல்லச் சுற்றவிட்டார். மரமும் கூடும் ஆகாயமும் எங்களைச் சுற்றி வந்தன. நீ பேர் வைத்த கரண்டிமூக்கர்கள் குஞ்சுகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தன. சின்ன மகள் வரவில்லையா என்று பசவராஜ் கன்னடத்தில் கேட்டார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்தை, குஞ்சுகளின் கூச்சலில் விழுங்கிவிட்டேன்.

சாயங்காலம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வண்டி வந்தது. நான் ஏறிவிட்டேன். அப்பாவிடம் வேலை பழகிய வேலாயுதம்தான் அதற்குக் கார்டு. விசில் ஊதிப் பச்சைக்கொடி காட்டினார். அப்பாவோ பிளாட்பாரத்திலேயே நின்று, கையிலிருந்த கேரியரின் சிவப்புத் துண்டை உருவி, உயரத் தூக்கிவிட்டார்!

"நிறுத்துப்பா, சின்னவ இன்னும் ஏறல."

நீதானே எப்போதும் இறகு பொறுக்கிக்கொண்டு கடைசியில் ஏறுவாய். நகர்ந்த வண்டி நின்றுவிட்டது. வேலாயுதம் ஓடி வந்து, யார் சார் ஏறணும் என்று கேட்டார். அப்பா பிளாட்பாரத்தின் கோடிவரைக்கும் பார்த்தார். தூக்கிய கை இறங்கவில்லை. நான்தான் இறங்கிப்போய்க் கையைப் பிடித்து ஏற்றினேன். அழுகையை அடக்க முடியவில்லை, ஐவி.

மைசூர் நெருங்கும்போது என் பக்கம் திரும்பினார். இதையெல்லாம் அவளுக்கு எழுதிவிடாதே என்றார். எழுதாமல் இருக்க எனக்கென்ன பைத்தியமா?

மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டு வா. அப்பா ஏதாவது சொன்னால் நான் பார்த்துக்கொள்கிறேன். மாதா உங்கள் இருவருக்கும் வழித்துணையாக இருப்பாள்.

அந்தத் துண்டைத் துவைக்கக் கேட்டேன், தரமாட்டேன் என்கிறார். வாசல் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார். சீக்கிரம் வாடி, வண்டியை அவர் எத்தனை நாள்தான் நிறுத்தி வைப்பார்?

உன் அக்கா,
ஹில்டா