ஆள் இல்லாத வீட்டுப் புகை

திருப்பூர்,
8-9-2024

என் ரேணுவுக்கு,

நான் நலம். நீயும் ஜீவிதாவும் நலமாக இருக்க வேண்டும். போனில் பேச நீ சில்வர் ஓக் வளைவு வரை ஏறி வர வேண்டியிருக்கிறது. ஏறி வந்து பேசினாலும் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன்.

பனியன் கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர்தான். ஆனால் பள்ளிக்கூடம் நடக்கிற தூரம். நரிக்குழி மட்டத்தில் இருக்கிற எட்டு வீட்டில் ஆறு பூட்டிக் கிடக்கிறது. மாரிச்சாமி அண்ணன் குடும்பமும் போன பிறகு நீயும் ஓரத்து வீட்டு அங்கம்மா அக்காவும் யாருக்குக் காவல் இருக்கிறீர்கள்? தலைக்கு மேலே மரத்தையெல்லாம் வெட்டி மொட்டையாக்கின மலை. மழை பிடித்துக்கொண்டால் எனக்கு இங்கே தூக்கம் வருவதில்லை. கோபம் இல்லை ரேணு, பயம். வந்துவிடு.

உன்
ரவிச்சந்திரன்

*

நரிக்குழி மட்டம்,
22-9-2024

ஜீவிதா அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்டக்டர் கருணாகரன் கொண்டுவந்து கொடுத்தார். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அதை ஒரு வரி எழுதக் கூடாதா?

இங்கே ஒரு கூத்து நடக்கிறது. பஸ்ஸின் புது டிரைவர் வளைவில் நிறுத்திக் கீழே பார்ப்பார். நாலைந்து வீட்டிலாவது புகை தெரிந்தால் பள்ளத்துக்கு இறங்குவார், இல்லாவிட்டால் அப்படியே திருப்பிவிடுவார். "ரெண்டு ஊட்டுக்கு எதுக்கும்மா டீசல்?" என்கிறார். பஸ் நின்றால் ஜீவிதாவின் படிப்பும் நின்றது. அதனால் விடிந்ததும் நானும் அக்காவும் பூட்டின வீடுகளை, எங்களிடம் விட்டுப்போன சாவியால் திறந்து ஈர விறகை வைத்து அடுப்பு மூட்டிவிடுகிறோம். மாரிச்சாமி அண்ணன் வீட்டுப் புகைதான் எல்லாவற்றையும் விட ஜோர். "மத்தவங்க எங்கம்மா?" என்று கேட்டால், "தோட்டத்துக்குப் போயிட்டாங்களுங்க" என்போம். அக்கா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொள்வார். "எல்லாக் காம்பராவும் பொகையுது, நம்ம லயம் நிறைஞ்சு போச்சுடி" என்பார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் வீடு அவருக்குக் காம்பராதான், லைன் வீடு லயம்தான், இலங்கைப் பேச்சு போகவில்லை.

என் அப்பா பதுளையிலிருந்து கப்பலேறி வந்தபோது இங்கே ஓடையும் அட்டையும்தான் இருந்தன. கல் சுமந்து இந்த லைனைக் கட்டி, மேல்மலைக்குப் பதுளை மலை என்று பெயரும் வைத்து, அதன் அடியிலேயே அடக்கமும் ஆகிவிட்டார். இலங்கையில் புறப்படு என்றார்கள், புறப்பட்டு வந்தார். நானும் அப்படிப் புறப்பட எனக்கு மனசில்லை. நீங்கள் இல்லாத வீடு கசக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ரேணுகா

*

திருப்பூர்,
6-10-2024

என் ரேணுவுக்கு,

சாப்பிடுகிறேன். போதுமா?

உன் கடிதத்தைப் படித்து மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தேன். சரி, முழுப் பரீட்சை முடியும் வரை அங்கேயே இரு. தீபாவளிக்கு நான் வருகிறேன். போன வாரம் மழை என்றதும் கருணாகரனுக்குப் போன் போட்டேன். "எல்லா ஊட்லயும் பொகை வருதுங்க, நீங்க கவலப்படாதீங்க" என்றார். உங்கள் ஏமாற்று வேலை தெரிந்தும் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

உன்
ரவிச்சந்திரன்

*

கோத்தகிரி,
26-10-2024

ஜீவிதா அப்பாவுக்கு,

நானும் ஜீவிதாவும் உயிரோடு இருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருக்கிறார்கள். போன் நனைந்து செத்துவிட்டது. திருப்பூர் போகிற ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வியாழக்கிழமை அங்கம்மா அக்காவுக்கு நல்ல காய்ச்சல். அவர் பங்கையும் சேர்த்து நானே ஓடி ஓடிப் பூட்டின வீடுகளில் அடுப்பு மூட்டினேன். கடைசியாக அக்கா வீட்டுக்குப் போனால், "பொகை ஒத்துக்கலடி, இருமல் தாங்கல. இந்தக் காம்பராவ மட்டும் விட்ருடி" என்றார். விட்டுவிட்டேன். கம்பளியைப் போர்த்திவிட்டு, மருந்து வாங்கிவர ஜீவிதாவோடு பஸ் ஏறினேன். நாங்கள் டவுன் போய்ச் சேர்வதற்குள் மழையில் பதுளை மலை சரிந்து இறங்கிவிட்டது.

தீயணைப்புக்காரர்கள், எந்தெந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று டிரைவரைத்தான் கேட்டிருக்கிறார்கள். ஏழு வீட்டில் புகை வந்தது, ஓரத்து வீட்டில் மட்டும் இல்லை என்று அவர் கண்ணால் பார்த்ததைச் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பொய் எங்களுடையது. ஒருவரும் இல்லாத ஏழு வீட்டையும் பகல் முழுக்கத் தோண்டியிருக்கிறார்கள். பாதை அடைபட்டு நான் நடந்தே வந்து சேர்ந்தபோது அந்தியாகிவிட்டது. "ஓரத்து ஊட்லீங்க, அக்கா ஓரத்து ஊட்லீங்க" என்று கத்தினேன். அக்காவைத் தூக்கியவர், உடம்பில் இன்னும் சூடு இருக்கிறது, உயிர் இப்போதுதான் போயிருக்கிறது என்றார். அதை ஏன் என்னிடம் சொன்னார் என்று இரண்டு நாளாக அழுகிறேன்.

அக்காவை அப்பாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய அங்கே இடமில்லை. அப்பாவின் இடமும் இல்லை.

நீங்கள் பார்த்த வீட்டுக்கு வருகிறோம். வந்து கூட்டிப் போங்கள். ஜெயித்துவிட்டோம் என்று நீங்கள் நினைக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் கேட்கிறேன். கொஞ்ச நாளைக்கு நீங்களே சமையுங்கள். அக்கா சொன்னதைக் கேட்காமல் அந்த ஒரு அடுப்பையும் மூட்டியிருந்தால் முதலில் அவரைத் தோண்டியிருப்பார்கள். என் கை தீப்பெட்டியைத் தொட மாட்டேன் என்கிறது.

ரேணுகா