அமாக் ரினெப்பின் வயிற்றுவலி

ஜனவரி 27

நாளை, அப்பா இறந்த ஒன்பதாம் நாள் விருந்து. மேற்குப் பக்கத்து வீடுகளை முறைப்படி நேரில் போய் அழைப்பது என் பொறுப்பு என்றான் அண்ணன் சாஹ்தி. சாரோங் கட்டி, தலைப்பாகை வைத்து, இருபத்திரண்டு வீடு ஏறி இறங்கினேன். மிச்சம், வயலைத் தாண்டி அமாக் ரினெப் வீடு — ‘ரினெப்பின் அப்பா’ என்றுதான் ஊரே அவரைக் கூப்பிடும். மழை பிடித்துக்கொண்டது. அவர் மகள் ரினெப்பின் போனுக்கு, ‘அப்பாவை நாளைக்கு வரச் சொல்லு’ என்று செய்தி அனுப்பிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஜனவரி 28

வரவில்லை. அப்பாவின் உடலைக் குளிப்பாட்டி அனுப்பியவரே அமாக் ரினெப்தான். இமாமுக்குப் பக்கத்தில் அவருடைய இடம் காலியாகவே இருந்தது. எல்லோர் முன்னாலும் அண்ணன் கேட்டான்: “நேர்ல போய்க் கூப்பிட்டியா, இல்லையா?”

“கூப்பிட்டேனே.”

வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஏன் சொன்னேன்?

ஜனவரி 29

அண்ணன் அவர் வீட்டுக்கே போய்விட்டான். மானம் போனது என்று ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். திரும்பி வந்தவன் சாதாரணமாகச் சொல்கிறான்: “நீ வந்து முறையாத்தான் கூப்பிட்டியாம். அவருக்குத்தான் வயித்துவலியாம், பாவம்.”

நாலு அறை விட்டிருக்கலாம் அந்த மனிதர்.

பிப்ரவரி 3

போனேன். அமாக் ரினெப் பாய் விரித்தார். காப்பி வந்தது. “உக்காருங்க. எளியவன் வீடு, குறை இருந்தாப் பொறுத்துக்கணும்.” சின்ன வயதில் என்னைத் தோளில் தூக்கிச் சுமந்தவர் — வெளியூர்ப் பெரிய மனிதரிடம் பேசுவதுபோல ‘நீங்க’, ‘வாங்க’. நான் வாயெடுத்த போதெல்லாம், “இந்த வருஷம் மழை பரவாயில்லைங்க” என்று குறுக்கிட்டார். மன்னிப்புக் கேட்காமலே திரும்பினேன்.

பிப்ரவரி 8

மசூதியில் அவரைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். சீ.

பிப்ரவரி 14

அண்ணனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் கேட்டான்:

“அவர்கிட்டயும் இதைச் சொல்லிட்டியா?”

“சொல்ல விடல.”

“சொல்லாத. சொன்னா அவரும் பொய் சொன்னார்னு ஆயிடும். உன்னால அவருக்கு அது வேறயா? நாப்பதாம் நாளுக்கு ஒழுங்கா போய்க் கூப்பிடு.”

பிப்ரவரி 26

முதல் வீடாக அங்கே போனேன். அவருக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, “நாளன்னைக்கு எங்கப்பாவோட நாப்பதாம் நாள். அண்ணன் சார்பாவும் என் சார்பாவும்...” — குரல் உடைந்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னேன். தலைகுனிந்து முழுவதும் கேட்டார்.

“நல்லதுங்க.”

அவ்வளவுதான். வருவாரா, தெரியவில்லை.

பிப்ரவரி 28

விருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கொல்லையில் குழம்புக்கு வாழைத்தண்டு நறுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே யாரோ குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள். நிமிர்வதற்குள் கத்தி என் கையில் இல்லை.

“இப்படியாடா நறுக்குவாங்க, தடி தடியா? தள்ளி உக்காரு.”

அமாக் ரினெப்.

தள்ளி உட்கார்ந்தேன்.