ஒரு வளைவுக்கு மூன்று பெயர்

1964 மார்ச் 12, வியாழன்

தோப்பூர் வீதியில் நடந்த விபத்துகளை எங்கள் வீதி இலாகாக் கந்தோரின் வீதிப் படத்தில் குறிக்க இன்று பொலிஸ் சார்ஜன் வந்திருந்தார். புளியடி, மதகடி, காசிம் விழுந்த இடம் என்று மூன்று இடங்களை வாசித்தார். எனக்கு எரிச்சல் வந்தது.

"மூண்டும் ஒரே வளைவெல்லோ, ஐயா!"

"அப்பிடியோ? நாங்கள் வேற வேற இடமெண்டெல்லோ நினைச்சனாங்கள்."

மூன்றையும் ஒரே புள்ளியில் குறித்தேன். அங்கேதான் மதகில் வீதி ஒடுங்குகிறது. ஆனால் எல்லா விபத்துக்கும் சாரதியின் கவனக்குறைவு என்றே எழுதியிருக்கிறார்கள். என் கூட்டாளி காசிமுக்கும் அப்படித்தான். அவன் நிதானமாக ஓட்டுகிறவன்.

படத்தை எஞ்சினியரிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். மதகை அகட்ட நாளைக்கே எழுதுவதாகச் சொன்னார். எழுதுவார் என்றுதான் படுகிறது. அகட்டிவிட்டால் அந்த வளைவுக்கு இன்னொருவன் பெயர் வராது.