கடைசல் மெஷினில் சிக்கிய துண்டு

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை. சிதம்பரம்.

ஓய்வுபெற்று சிங்கப்பூரிலிருந்து மனைவியின் ஊரான இங்கே வந்தபோது, மரத்தைச் சுழற்றிக் கடையும் என் கடைசல் மெஷினையும் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அது இல்லாமல் எனக்குப் பொழுது போகாது. இன்று பூஜைக்காகக் கடலூர் முதுநகரிலிருந்து மச்சான், மனைவியின் தம்பி, வந்திருந்தான். என்னைக் கேட்காமலே சந்தனத்தைத் தண்ணீரில் குழைத்து மெஷின் முழுக்க அப்பினான். துருப்பிடித்துவிடும், துடைடா என்று கத்தினேன்.

“இன்னைக்கு மெசினுதான் சாமி மாமா. நாளைக்கு வரைக்கும் ஓட்டக் கூடாது. இது ஒங்க சிங்கப்பூர் இல்ல.”

“என் மெஷின்டா. இப்பவே ஓட்டறேன் பாரு.”

அவன் சிரித்துக்கொண்டே குனிந்து குங்குமம் வைத்தான். நான் சுவிட்சைத் தட்டினேன். அவன் கழுத்தில் கிடந்த துண்டை மெஷின் சுருட்டி இழுத்து, முகத்தை இரும்பில் அறைந்தது. இரண்டு பல் தெறித்து விழுந்தது. மனைவி ஓடிவந்து மெயினை அணைத்தாள்.

ஆஸ்பத்திரியில் தாடைக்குத் தையல் போட்ட டாக்டரிடம், வாயில் பஞ்சோடு அவனே சொன்னான்: “மாமா பாக்கல சார். என் தப்புதான்.”

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டேன்.

துண்டு தொங்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் தட்டினேன்.