இரண்டு டாக்டர், ஒரே பெயர்

7.11.2011, திங்கள்
காலையில் கிளினிக்கைத் திறந்ததும் முதல் வேலையாகக் கம்ப்யூட்டரில் என் வீட்டுக்காரருடைய பாஸ்வேர்டைப் போட்டேன். சின்ன டாக்டர் வினோதினியும் அதில்தான் மருந்து எழுதுகிறாள். ஒவ்வொரு டாக்டருக்கும் தனி லைசென்ஸ், வருஷா வருஷம் பணம் கட்டணும் என்றார் கடலூர் சாஃப்ட்வேர்காரர். "ஒண்ணு போதும்" என்றது நான்தான். யார் எழுதினாலும் சீட்டில் டாக்டர் சபாபதி என்று இவர் பெயரே வரும். "அப்ப நான் இங்க பேயா மேடம்?" என்று சிரிப்பாள் வினோதினி.

சாயந்திரம் நல்ல மழை. பஸ் நின்றுவிடும் என்று அவளைச் சீக்கிரமே கீரப்பாளையத்துக்கு அனுப்பிவிட்டேன். பிறகு பரங்கிப்பேட்டை ஆரோக்கியம்மாள் நனைந்துகொண்டு வந்தாள். மூத்திரக் கடுப்பாம். இவர்தான் பார்த்தார்.

11.11.2011
ஆரோக்கியம்மாளுக்கு உடம்பெல்லாம் கொப்புளம். வாய் முழுக்கப் புண், பேச முடியவில்லை. பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். சல்ஃபா மாத்திரை ஒத்துக்காது என்று போன வருஷமே நம்மிடம் சொன்னவள். திங்கட்கிழமை கொடுத்தது அதே மாத்திரை.

மகன் அந்தோணிசாமி சீட்டை மேஜையில் அடித்தான். "ரெண்டு டாக்டர் இருக்கீங்க. எழுதுனது யாரு? அத சொல்லுங்க மொதல்ல."

"அன்னிக்கு வினோதினிதான உக்காந்திருந்துச்சு" என்றார் இவர்.

அவள் வெளிறிப்போனாள். "இருக்கும் சார்... அன்னிக்கு கூட்டம் ஜாஸ்தி. ஞாபகம் இல்ல."

நான் டோக்கன்களை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

12.11.2011
நிஜமாகவே மறந்துவிட்டாரா? கேட்கலாம். கேட்டு, மறக்கவில்லை என்று தெரிந்தால்? அந்தப் பொண்ணு தன்னையே சந்தேகப்பட்டுக்கிட்டு நிக்குது. அவளை பஸ் ஏத்தி விட்டதே நான். ஒரு வார்த்த சொல்ல முடியலயே எனக்கு. தனி லைசென்ஸ் இருந்திருந்தால் யார் எழுதியது என்று சீட்டே சொல்லியிருக்கும். மிச்சம் பிடித்தேனாம் மிச்சம்.

15.11.2011
வினோதினியை வர வேண்டாம் என்றுவிட்டார். இனி ஒரு லைசென்ஸே போதும்.

20.11.2011, ஞாயிறு
ஆஸ்பத்திரிக்கு இளநீர் வாங்கிக்கொண்டு போனேன். ஆரோக்கியம்மாள் பிழைத்துக்கொண்டாள். இன்னும் பேச்சு வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் இழுத்துக்கொள்ளத் தோன்றியது.

அந்தோணிசாமி வாசல்வரை வந்தான். "நீங்களாச்சும் வந்து பாத்தீங்கம்மா. நாளைக்கு அந்த சின்ன டாக்டர் மேல கம்ப்ளெயிண்ட் குடுக்கப் போறன். இனிமே அது எங்கயும் டாக்டரா உக்காரக் கூடாது."

அப்போதும் சொல்லவில்லை. பாதி வழிவரை வந்து ஆட்டோவைத் திருப்பச் சொன்னேன். மறுபடி வேண்டாம் என்றேன். ஆட்டோக்காரர் முறைத்தார்.

விடிந்ததும் முதலில் கீரப்பாளையம் போகப் போகிறேன். வினோதினியையும் கூட்டிக்கொண்டு, அந்தோணிசாமி கம்ப்ளெயிண்ட் கொடுக்கக் கிளம்புவதற்குள் ஆஸ்பத்திரிக்கு. அவனிடம் இவர் பெயரை நானே சொல்வேன்.

இவர் கூடத்தில் டி.வி. பார்க்கிறார். "நாளைக்கு நீ கிளினிக்குக்குச் சீக்கிரம் வந்துடு. தனியாளா என்னால சமாளிக்க முடியாது" என்றார். சரி என்றேன்.